நாலாவது கூடு

1

அக்கா கத்தியால் முட்டைகளைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். படத்தில் இருந்த முட்டைகளை. படங்களுக்குச் சட்டம் போடுகிறவர் படியேறி வருகிறார். அவர் கண்ணில் படுவதற்குள் நாலாவது கூடு மறைந்தாக வேண்டும்.

(ஒப்புக்கொள்கிறேன்: இந்தக் கதை அக்காவிடம் திருடியது. தொடர்கதை எழுதுகிறவனுக்கு வீட்டு ஆட்கள்தான் கைமுதல்.)

2

அக்கா வரைவது ஊருக்கு வெளியே இருக்கும் சதுப்பு நிலத்தை. தவளைக்கு மூக்குக்கண்ணாடி மாட்டுவாள், கொக்குக்குக் குடை கொடுப்பாள். ஆனால் மதகு, மரம், கூடு மட்டும் இருக்கிற இடத்தில் இருக்கிறபடி. அதில் விளையாட மாட்டாள். மூன்று படம் வரைந்தாள், படத்துக்கு ஒரு கூடு. சதுப்பு நிலத்தில் அந்த மூன்று கூடுகளும் பிய்த்தெறியப்பட்டன. முட்டைகளை யாரும் எடுத்துப்போகவில்லை. கீழே உடைந்து கிடந்தன.

[இந்த வரியை அடித்துவிடலாமா? இருக்கட்டும்.]

"வெளியாளுங்கள்ல படத்தை முதல்ல பாக்கிறது யாரு? அந்தச் சட்டம் போடுற ஆளுதானே?"

"பதினெட்டு வருஷப் பழக்கம், அக்கா."

"பழகினவன்தான்டா குழி பறிப்பான்."

3

அவரை வில்லனாக்கப் பார்த்தேன். 'மீசையை முறுக்கியபடி அவர்...' மீசையே கிடையாது. 'மரத்தில் தாவி ஏறி...' படியேறவே முழங்காலைப் பிடித்துக்கொள்கிற மனிதர். விடுங்கள், நடந்ததையே எழுதுகிறேன்.

"என்ன தங்கச்சி, படம் இன்னும் ஈரமா?"

"இனிமே உங்களுக்கு வேலை இல்லண்ணே."

"நான் என்ன தப்பு பண்ணேன்?"

அக்கா கத்தியைத் துடைத்தாள். அவர் அளவு நாடாவைச் சுருட்டினார்.

"குடைக் கொக்குப் படத்துக்கு மேல அரை அங்குலம் கூட விட்டேன். குடை இடிக்கக் கூடாதேன்னு. அதுவா?"

அக்கா படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள். அவர் இறங்கினார்.

4

முடிவு ஒன்று: அவர் குற்றத்தை ஒப்புக்கொள்கிறார். (பொய்.)

முடிவு இரண்டு: அக்கா அவரிடம் மன்னிப்புக் கேட்கிறாள். (காரணத்தை அவளுக்கு யார் சொல்வது?)

முடிவு மூன்று: நான் வாயைத் திறந்து...

அவர் இன்னும் தெருமுனையைத் தாண்டவில்லை. கூப்பிட்டால் காதில் விழும். கூப்பிடவா? நீங்களே சொல்லுங்கள். அதற்கு முன், இதுவரை மறைத்த ஒன்று.

அக்கா என் தொடர்களைப் படிப்பதில்லை. நீங்கள் படிக்கிறீர்கள். இப்போது வரும் தொடரில் கொள்ளைக்காரன் வைரங்களைப் பறவைக் கூடுகளில் ஒளிக்கிறான், வாரத்துக்கு ஒரு கூடு. வைரம் என் கற்பனை. வழி கற்பனை இல்லை. மதகிலிருந்து எத்தனை அடி, எந்த மரம், எந்தக் கிளை, எல்லாம் அக்காவின் படத்தைப் பார்த்து அப்படியே எழுதியது. சதுப்பு நிலத்தின் பெயரோடு.

நாலாவது அத்தியாயம் நேற்றே அச்சுக்குப் போய்விட்டது.