நாலாக மடித்த துண்டு

மூன்று கொலைகள். செய்த மூவருமே பரம சாதுக்கள். ஒருவர் மனைவியை, ஒருவர் தம்பியை, ஒருத்தி பெற்ற தாயை. ஏன் என்று கேட்டால் பேந்தப் பேந்த விழித்தார்கள். மூன்று வீட்டிலும் ஒரு துண்டு நனைத்துப் பிழிந்து நாலாக மடித்து மேசைமேல் கிடந்தது. அதுவும் ஏனென்று தெரியாதாம். மூவரும் தூக்கம் வராமல் ஒரே ஹிப்னாடிச டாக்டரிடம் போனவர்கள்.

அந்த டாக்டரின் ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் வேலை, போலீசுக்கு வாக்குமூலம் தட்டித் தரும் அவளிடம் வந்தது. அவள் தொழிலில் புலி. காதில் விழுவது நேரே விரலுக்கு இறங்கிவிடும், நடுவில் மனசுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. வாக்குமூலத்தைத் தட்டிக்கொண்டே மறுநாள் சமையலை யோசிப்பாள்.

"அவசரம்மா, வீட்டுக்கே எடுத்துட்டுப் போங்க. ஆனா ஹெட்போன்லதான் கேக்கணும்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நான் என்ன சின்னப் பிள்ளையா சார்?"

சின்னப் பிள்ளையாவது சொன்ன பேச்சைக் கேட்டிருக்கும். பதிவில் ஓரிடத்தில் டாக்டரின் குரல் தண்ணீர்க் குழாய்ச் சத்தத்துக்கு அடியில் அமுங்கியது. ஹெட்போனும் ஒரு பக்கம் செத்துவிட்டது. 'தெளிவில்லை' என்று எழுதுவது அவளுக்கு மானப் பிரச்சினை. வயரைப் பிடுங்கிவிட்டு ஸ்பீக்கரில் அதே வரியைத் திரும்பத் திரும்ப ஓட்டினாள். பக்கத்து சோபாவில் அக்கா சாய்ந்திருந்தாள். அம்மா அப்பா போனபிறகு இவளை வளர்த்த அக்கா. இரவில் பொட்டுத் தூக்கம் கிடையாது.

"சத்தம் தொந்தரவா இருக்காக்கா?"

"இருக்கட்டும்டி."

மத்தியானம் முழுக்க ஓட்டியபின் வரி பிடிபட்டது. அடித்து முடித்துவிட்டுக் குளிக்கப் போனாள். தலை துவட்டியபடி வந்தவள் அப்படியே நின்றாள்.

சாப்பாட்டு மேசைமேல் ஒரு துண்டு. ஈரம். நாலு மடிப்பு.

விரலோடு போயிருந்த வரி அப்போதுதான் மனசில் ஏறியது. 'துண்டை நனைத்து மடித்து வை. உன் தூக்கத்தைத் திருடும் ஆள் யாரென்று உனக்கே தெரியும்.'

இதை நான் எப்போது செய்தேன்? அவளுக்கென்று இருப்பது அக்கா ஒருத்திதான். அக்காவைத் தன் கையாலேயே... நினைக்கவே முடியவில்லை. ஜன்னல் இல்லாத சாமான் அறைக்குள் ஓடிப்போய்ச் சாவியை நீட்டினாள்.

"அக்கா, என்னை உள்ள வச்சுப் பூட்டு! நான் கெஞ்சினாலும் திறக்காத! இன்ஸ்பெக்டருக்கு போன் பண்ணு!"

தும்மினாலே ஆயிரம் கேள்வி கேட்கும் அக்கா, ஒன்றும் கேட்காமல் வாங்கிப் பூட்டினாள்.

அப்பாடா என்றிருந்தது. அக்கா தப்பித்தாள். இருட்டில் நெற்றியைத் துடைத்தபோதுதான் உறைத்தது. சாவி வாங்கிய அக்காவின் விரல்கள் சில்லென்று ஈரமாக இருந்தன.

"அக்கா... போன் பண்ணிட்டியா?"

"அந்த டாக்டர் குரல் எவ்வளவு இதமா இருக்கு தெரியுமா குட்டி?" கதவுக்கு அந்தப் பக்கம் அக்காவின் குரல் தூக்கக் கலக்கத்தில் வந்தது. "எத்தனையோ நாளைக்கப்புறம் இன்னிக்குத்தான் கண்ணசந்தேன்."

பூட்டில் சாவி திரும்பியது. இந்த முறை, திறக்கிற பக்கம்.