மடையில் உட்கார்ந்தவள்

எனக்குப் பொருத்தப்பட்ட கல்லீரலுக்குள் ஒரு உப்பளம் இருந்தது. அங்கே வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்தது. அதனால்தான் எனக்கு மஞ்சள் காமாலை வந்தது.

அறுவை சிகிச்சை நன்றாகவே முடிந்திருந்தது. தையல் ஆறி, வீட்டில் இட்லி ஊற்றும் அளவுக்குத் தேறியிருந்தேன். பிறகு உள்ளங்கையில் அரிப்பு தொடங்கியது. சீப்பை வைத்து முதுகைச் சொறிந்துகொண்டே இருந்தேன். கண்ணில் மஞ்சள் ஏறியது. என் வீட்டுக்காரர் தனுஷ்கோடி ஆட்டோ பிடித்து, மதுரையில் எனக்கு ஆபரேஷன் நடந்த அதே மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார்.

ஸ்கேன் அறையில் டாக்டர் ஜெபசிங் இருந்தார். திரையில் படத்தைப் பார்த்துக்கொண்டே ஊசியையும் கம்பியையும் உடம்புக்குள் விட்டு, வயிற்றைக் கிழிக்காமல் கோளாறைச் சரிசெய்வது அவர் வேலை. குளிர்ந்த ஜெல்லியைத் தடவி, கருவியை வைத்து அழுத்தினார். திரையில் சாம்பல் நிறத்தில் பாத்தி பாத்தியாகத் தெரிந்தது.

"உப்பளம்," என்றார். "பாத்தியெல்லாம் நல்லா இருக்கு. ரத்தம் ஒழுங்கா வந்து போகுது. பித்தம் வெளிய போற வாய்க்கால்லதான் அடைப்பு. மடையில ஒரு அம்மா உட்கார்ந்திருக்காங்க."

"என்ன வயசு இருக்கும்?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"நாப்பது சொல்லலாம். தலையில துண்டு கட்டியிருக்காங்க. சேலைக்கு மேல ஆம்பளைச் சட்டை."

உறுப்பைக் கொடுத்தவர் யார் என்று வாங்கியவரிடம் சொல்லக் கூடாது. மருத்துவமனை அதில் கறாராக இருந்தது. ஆனால் திரையில் உட்கார்ந்திருப்பவரைப் பார்க்கக் கூடாது என்று விதி ஏதும் இல்லை. ஜெபசிங் திரையை என் பக்கம் திருப்பிவைத்தார். அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு, வரப்பில் முதுகைச் சாய்த்து, வாய்க்காலின் வாயை அடைத்தபடி இருந்தாள். எங்கள் பக்கம் திரும்பவில்லை.

எனக்கு ஆபரேஷன் செய்த டாக்டர் கனகசபாபதி மாலையில் வார்டுக்கு வந்தார். அவர் பின்னால் எப்போதும் ஒரு கூட்டம் நடந்து வரும். அவர் தலையாட்டினால் அதுவும் தலையாட்டும்.

"திரும்பத் திறந்துடலாம்," என்றார். "அந்த வாய்க்காலையே மூடிட்டு, கல்லீரலை நேரா குடலோட தைச்சிருவேன்."

"அந்தம்மா?" என்றேன்.

"எந்தம்மா?"

"மடையில இருக்கிறவங்க."

"காலி பண்ணிருவோம்."

"எங்க போவாங்க?"

"அது சர்ஜரியில வர்ற விஷயம் இல்லம்மா."

"டாக்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும், சுலோச்சனா," என்றார் என் வீட்டுக்காரர்.

நானும் சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதுவரை எல்லாவற்றுக்கும் சரி என்றே சொல்லிப் பழகியவள் நான். அன்றைக்கு வாயிலிருந்து "முடியாது" என்று வந்தது. வலப்பக்க விலாவுக்குக் கீழேயிருந்து அந்தச் சொல் கிளம்பி, தொண்டை வழியாக ஏறி வந்ததை நான் உணர்ந்தேன். கனகசபாபதி தலையாட்டவில்லை. கூட்டமும் ஆட்டவில்லை.

ஜெபசிங் தான் முயன்று பார்ப்பதாகச் சொன்னார். மறுநாள் என்னை எக்ஸ்ரே மேசையில் படுக்கவைத்தார்கள். அறையில் இருந்தவர்கள் எல்லாரும் கனமான ஈயக் கவசத்தைக் கழுத்திலிருந்து முழங்கால்வரை மாட்டியிருந்தார்கள். விலாவுக்கு நடுவே மரத்துப்போக ஊசி போட்டு, இன்னொரு நீள ஊசியால் கல்லீரலைத் தொட்டு, அதன் வழியே மயிரிழை போன்ற கம்பியை ஜெபசிங் உள்ளே விட்டார். திரையில் கம்பி பாத்திகளைக் கடந்து மடைவரை போனது. அவள் அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். பிறகு இரண்டு குச்சிகளுக்கு நடுவில் இழுத்துக் கட்டி, தலைத்துண்டை அவிழ்த்துக் காயப்போட்டாள்.

ஜெபசிங் கம்பியை மெதுவாகச் சுண்டினார். துண்டு ஆடியது. அது காயும்வரை நாங்கள் காத்திருந்தோம்.

அடுத்து, ஒடுங்கிய இடத்தை விரிக்கிற சிறு பலூனை அனுப்பினார். அது உப்பியதும் அவள் அதில் வசதியாகச் சாய்ந்துகொண்டாள். காற்றை இறக்கியதும் பழையபடி மடையை மறித்து உட்கார்ந்தாள். கடைசியில் என் விலாவில் ஒரு மெல்லிய குழாயை வைத்து, அதன் முனையில் ஒரு பையைக் கட்டிவிட்டார்கள். அவளைச் சுற்றிக்கொண்டு தப்பி வந்த கொஞ்சம் பித்தம் பையில் சொட்டியது.

"இது போதாது," என்றார் ஜெபசிங். "தேங்கினா கிருமி பிடிக்கும். கிருமி ரத்தத்துல கலந்தா கல்லீரல் தாங்காது. நீங்களும் தாங்க மாட்டீங்க."

எனக்கு ஏற்கெனவே குளிர்காய்ச்சல் தொடங்கியிருந்தது.

"அவங்களுக்கு என்ன வேணும்னு யாராவது கேட்டீங்களா?" என்றேன்.

யாரும் கேட்டிருக்கவில்லை.

ரத்தம் ஓடுகிற சத்தத்தைக் கேட்பதற்கு ஸ்கேன் கருவியில் ஒரு ஒலிபெருக்கி உண்டு. ஜெபசிங் கவசத்தைக்கூடக் கழற்றாமல் அதைப் போட்டுவிட்டார். காற்றில் துணி படபடப்பதுபோல் என் ரத்தம் கேட்டது. நடுவே ஒரு பெண் குரல்.

"யாரு அது?"

"நான்தான். உங்களை வாங்கினவ."

"எங்கள யாரும் வாங்கல."

"சரி. உங்களைச் சுமக்கிறவ."

"அப்படிச் சொல்லுங்க, யக்கா. எம்பேரு சந்தனமாரி. தூத்துக்குடிப் பக்கம்."

மருத்துவமனையின் விதி அதோடு முடிந்தது. ஜெபசிங் காதில் விழாதவர்போல் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"என்ன வேணும் சந்தனமாரி?"

"நெழலு. பாத்திக்குப் பக்கத்துல ஒரு கொட்டக. குடிக்க நல்ல தண்ணி. கேட்டுக் கேட்டு வாயி வறண்டுபோச்சு. அதக் குடுக்கது வரைக்கும் மடையத் தெறக்கமாட்டோம்னு உக்காந்தேன். பின்னால லாரி வந்துச்சு. பொறவு கண்ண முழிச்சா இங்க கெடக்கேன். இங்கயும் மடை இருந்துச்சு. உக்காந்துட்டேன்."

என் வீட்டுக்காரர் கருவியின் அருகே குனிந்தார். "அது அந்த ஊர்ப் பிரச்சனை இல்லியாம்மா? இங்க என்ன வெயிலா அடிக்குது?"

"எக்ஸ்ரே எடுக்கியளே, அது வெயிலுதான். நீங்க எடுக்க எடுக்க எனக்கு மண்ட காயுது. அந்த ரூமுல ஒங்களுக்கெல்லாம் மேலுக்குப் போடக் கவசம் இருக்கு. எனக்கு இந்தத் துண்டு மட்டுந்தான்."

ஜெபசிங் தன் கவசத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

"நீங்க என்ன வேல பாக்கிய, யக்கா?"

"ஜவுளிக் கடையில. சேலைப் பிரிவு."

"உக்காந்தா, நின்னா?"

"நின்னுதான். உட்காரலாம்னு சட்டம் வந்துச்சு. ஸ்டூலும் வாங்கிப் போட்டாங்க. அது மேல பெட்டி அடுக்கியிருக்கு."

"யாரு அடுக்குனா?"

"நாங்கதான்."

திரையில் அவள் தலைத்துண்டை அவிழ்த்து உதறி, மறுபடியும் கட்டிக்கொண்டாள்.

ஜெபசிங் ஒரு ஸ்டென்டைக் கொண்டுவந்து காட்டினார். மடக்கி உள்ளே கொண்டுபோய் விட்டால் விரிந்து நிற்கும் உலோக வலைக் குழாய் அது. ஒடுங்கின வாய்க்காலைத் திறந்து வைப்பதற்கு அதைத்தான் பொருத்துவார்கள். "கொட்டகைக்கும் இது தாங்கும்," என்றார். அதைக் கருவியின் முன்னால் பிடித்தார்.

"ஓட்ட ஓட்டயா இருக்கே," என்றாள் சந்தனமாரி. "வெயிலு ஒழுவும். வேண்டாம்."

"மேல உறை போட்டதும் இருக்கு. ஆனா இங்க இல்ல. சென்னையிலேருந்து வரணும்."

"வரட்டும். உக்காந்திருப்போம்."

கனகசபாபதிக்கு விஷயம் போனது. காய்ச்சல் இப்படி ஏறும்போது கொட்டகைக்காகக் காத்திருக்க முடியாது என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. என் பற்கள் தந்தியடித்துக்கொண்டிருந்தன. மறுநாள் காலை தியேட்டரைத் தயார்செய்து, தள்ளுவண்டியை அனுப்பிவைத்தார். வண்டியைத் தள்ளி வந்தவர்கள் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். நான் கட்டிலை விட்டு இறங்கினேன். பித்தம் சொட்டும் பையைக் கையில் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடந்தேன். வாசலில் வண்டிக்குக் குறுக்கே, தரையில் உட்கார்ந்தேன். தரை குளிர்ச்சியாக இருந்தது. முழங்காலைக் கட்டிக்கொண்டேன்.

கூட்டத்தோடு கனகசபாபதி வந்தார். ஜெபசிங்கும் பின்னால் வந்தார்.

"எந்திரிங்க. உங்க உயிருக்கு நான் பொறுப்பு."

"அந்தப் பொறுப்பை நாங்க எடுத்துக்கறோம் சார்."

"நாங்கன்னா யாரு?"

"நானும் சந்தனமாரியும்."

"அவங்க செத்துட்டாங்க."

"ஆமா சார். கோரிக்கை இருக்கு."

அவர் என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தார். வழக்கமாக அந்த இடத்தில் தனுஷ்கோடி சரி என்று சொல்வார். அவர் கட்டிலுக்கு அடியில் கிடந்த செருப்பைத் தேடி எடுத்து மாட்டினார். "சென்னையில எந்த இடம்னு மட்டும் எழுதிக் குடுங்க, டாக்டர்," என்று ஜெபசிங்கிடம் கேட்டார். என்னைத் தாண்டிப் போகும்போது என் தலையில் ஒருமுறை கைவைத்துவிட்டுப் போனார்.

அவர் திரும்பிவரும்வரை எனக்கு நினைவு வந்து வந்து போனது. நர்ஸ்கள் ஊசி மருந்தைத் தரையிலேயே வந்து போட்டார்கள். வண்டி தள்ளுபவர்களில் ஒருவர் எனக்குத் தலையணை கொண்டுவந்து கொடுத்துவிட்டு, வண்டியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். இடையில் ஒருமுறை செத்துவிடுவேன் என்றே தோன்றியது. அப்போதும் எழுந்திருக்கத் தோன்றவில்லை. விலாவுக்குள் யாரோ முதுகோடு முதுகு சாய்த்து உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது.

தனுஷ்கோடி ரயிலில் வந்தார். உறை போட்ட ஸ்டென்ட் இருந்த பெட்டியை மேலே வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்ததாகச் சொன்னார். அதைப் பிரித்து ஸ்கேன் கருவியின் முன்னால் காட்டினார்கள். சந்தனமாரி நிதானமாகப் பார்த்தாள். உறையின் ஓரத்தைக் கிள்ளிப் பார்க்கச் சொன்னாள். நான் கிள்ளிப் பார்த்து, கிழியவில்லை என்றேன்.

"போடுங்க," என்றாள்.

இந்த முறை ஜெபசிங் கம்பியை விட்டதும் உள்ளேயிருந்து ஒரு கை அதை இழுத்தது. "இன்னும் கொஞ்சம் வடக்க," என்றாள். "போதும். அங்க நிறுத்துங்க." குழாய் விரிந்தது. திரையில் அதன் நிழல் விழுவது தெரிந்தது. அவள் எழுந்து, சேலையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டி, குனிந்து நிழலுக்குள் போனாள். கொஞ்ச நேரம் அங்கே சும்மா நின்றாள்.

"தண்ணி?" என்றாள்.

எனக்கு நர்ஸ் தம்ளரில் தண்ணீர் கொடுத்தார். படுத்தபடியே குடித்தேன். சந்தனமாரி புறங்கையால் வாயைத் துடைத்தாள். பிறகு மண்வெட்டியை எடுத்து ஒரே வெட்டில் மடையைத் திறந்தாள். ஜெபசிங் செலுத்திய சாயம் வாய்க்காலில் கடகடவென்று இறங்கிக் குடலுக்குள் ஓடியது. அறையில் இருந்த எல்லாரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

கனகசபாபதி வந்து திரையைப் பார்த்தார். "கொட்டகை ஒரு பக்கம் சாய்ஞ்சிருக்கு," என்றார். அவருக்குப் பின்னால் இருந்த கூட்டத்தில் ஒரு பெண் டாக்டர், "இல்ல சார், நேராத்தான் இருக்கு," என்றாள். அவள் சொன்னதைக் கேட்டு மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

காய்ச்சல் விட்டது. கண் வெளுத்தது. சீப்பு மறுபடியும் தலைக்கே பயன்பட்டது. பிறகு எடுத்த ஸ்கேன்களில், கொட்டகையின் நிழலில் வேறு சில பெண்களும் தூக்குவாளியைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கல்லீரல் நன்றாக வளர்கிறது என்றார் ஜெபசிங்.

உடம்பு தேறியதும் வேலைக்குப் போனேன். கடை திறந்த நேரம். சேலைப் பிரிவில் என் இடத்துக்குப் பின்னால் ஸ்டூல் இருந்தது. மேலே இருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்தேன். தூசியைத் தட்டிவிட்டு உட்கார்ந்தேன்.

மேலாளர் வேகமாக வந்தார். "என்னக்கா, எந்திரிங்க. கஸ்டமர் வர்ற நேரம்."

"முடியாது."

"உடம்புக்கு இன்னும் சரியாகலையா?"

"உடம்பு நல்லா இருக்கு. அதான் உட்கார்ந்திருக்கேன்."

அவர் முதலாளிக்குப் போன் செய்யப் போனார். அவர் பேசி முடிப்பதற்குள் பட்டுப் பிரிவில் பெட்டி இறக்கும் சத்தம் கேட்டது. பிறகு சுடிதார் பிரிவில். பிறகு மாடியில். முதலாளி வந்து ஒவ்வொரு தளமாக நடந்து பார்த்தார். எங்களிடம் பேசுவதற்கு அவர் ஒவ்வொரு முறையும் குனிய வேண்டியிருந்தது. இடுப்பு வலி கண்டதும் போய்விட்டார்.

மறுநாள் காலையில் ஷட்டரை ஏற்றியபோது, கண்ணாடிக்குப் பின்னால் சேலை கட்டி நின்ற பொம்மைகள் எல்லாம் உட்கார்ந்திருந்தன. ஒன்று காலை நீட்டியிருந்தது. விலைச்சீட்டுகளை எடுத்து அவற்றின் மடியில் வைத்துவிட்டு விளக்கைப் போட்டோம்.

முதலில் வந்த அம்மா கல்யாணத்துக்குச் சேலை பார்க்க வந்தவர். ஓரத்தில் உட்கார்ந்திருந்த பொம்மையைக் காட்டி, அது கட்டியிருக்கிற மயில்கழுத்துப் பச்சையை எடுத்துக் காட்டச் சொன்னார்.

"டீ குடிச்சிட்டிருக்காங்க," என்றேன். "முடிச்சதும் கழற்றித் தருவாங்க."

"மெதுவாக் குடிக்கட்டும்," என்று அவர் என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.