கிழியாத தையல்

பதினெட்டாயிரத்து ஐநூறு ரூபாய். பிறேக் திருத்தியதற்காக மீன்பிடிகாரர் சில்வெஸ்ரர் டெனிஸ்ரனுக்குக் கொடுக்க வேண்டிய காசு அது. காசு வராததைக்கூட டெனிஸ்ரன் பொறுத்திருப்பான். ஆனால், அவன் கை வைத்த பிறகுதான் காரில் எயார்பாக் லைற் எரியத் தொடங்கியது என்று கரம்பொன் கடற்கரையில், மீனை ஏலம் கூறி விற்கிற இடத்தில் நின்று சில்வெஸ்ரர் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அவனுடைய கராச் பக்கம் ஒரு வாகனமும் வரவில்லை.

டெனிஸ்ரன் நேரே அவருடைய வீட்டுக்குப் போய்க் காரைத் தன் கராச்சுக்குக் கொண்டுவந்தான். சில்வெஸ்ரரும் கூடவே வந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

இடப்பக்க முன் சீற்றின் எயார்பாக் வயரில் பிழை என்று ஸ்கானர் காட்டியது. பிறேக்குக்கும் அதற்கும் ஒரு தொடுப்பும் இல்லை. டெனிஸ்ரன் பற்றரியைக் கழற்றினான். மிச்சக் கரண்ட் வடியும்வரை கோபத்தை விழுங்கிக்கொண்டு காத்திருந்தான். அவசரப்பட்டால் காற்றுப்பை முகத்திலேயே வெடிக்கும். பிறகு சீற்றுக்குக் கீழே மஞ்சள் சொக்கற்றைப் பிரித்து, பைக்குப் பதிலாக ஒரு சின்ன மின்தடையைச் செருகினான். பற்றரியைப் பூட்டி, பழைய பிழையை அழித்துப் பார்த்தான். லைற் திரும்ப எரியவில்லை. அப்படியென்றால் தரையில் ஓடும் வயர் நல்லது. பழுது சீற்றுக்குள்ளே.

பற்றரியை மறுபடி கழற்றி, நேரம் விட்டு, சீற்றின் முதுகைத் திறந்தான். மஞ்சள் வயரைக் குத்திக்கொண்டு நீலத் தங்கூசி நைலோன் நூல் ஓடியது. கிழிந்த மீன்வலை பொத்துகிற அதே நூல், அதே முடிச்சு.

"இது ஆர் தைச்சது?"

"நான்தான். ஓரம் கிழிஞ்சு கிடந்தது," என்றார் சில்வெஸ்ரர். "சுறா இழுத்தாலும் இனிக் கிழியாது, தம்பி."

டெனிஸ்ரன் தைத்த ஓரத்தில் விரலை வைத்தான்.

"அண்ணை, கார் அடிபட்டால் இந்த ஓரம் கிழிஞ்சுதான் பை வெளியில வரவேணும். நீங்கள் அதைக் கிழியாமல் தைச்சு வைச்சிருக்கிறியள். இதில ஆர் இருக்கிறது? உங்கட மனுசி, றோசம்மாக்கா."

சில்வெஸ்ரரின் கட்டிய கை அவிழ்ந்தது. காசை நாளைக்கே வீட்டுக்குக் கொண்டுவந்து தருவதாகச் சொல்லி, இதை வெளியில் சொல்ல வேண்டாம் என்று கேட்டார்.

"வீட்டில வேண்டாம். எங்க நிண்டு என்ர பேரைக் கூறி வித்தனீங்களோ, அங்க வைச்சுத் தாங்கோ."

அடுத்த நாள் காலை தன் மீன் விலைபோன கையோடு சில்வெஸ்ரர் எல்லாருக்கும் கேட்கச் சொன்னார், காரில் இருந்த பிழை தன்னுடைய தையல் என்று. அந்த நூலில் தனக்கு ஒரு காற்சட்டை தைத்துத் தரும்படி ஒருவன் கேட்டான். கடற்கரை சிரித்தது. டெனிஸ்ரன் சிரிக்கவில்லை.

செதிள் ஒட்டிய தாள்களாகப் பதினெட்டாயிரத்து ஐநூறும் கைக்கு வந்தது. அதை வாங்கிக்கொண்டு, வெட்டியெடுத்த நீல நூலை அவருடைய உள்ளங்கையில் வைத்தான்.

"கணக்குச் சரி. சீற் மாத்தும்வரைக்கும் றோசம்மாக்காவைப் பின்னுக்கு இருத்துங்கோ."