முப்பத்திரண்டாம் நாள்

"அக்கா, இந்த மாசத்தோட சார் என்னை அனுப்பிடப் போறாராம்" என்று சொல்லிவிட்டு அவள் தராசின் கண்ணாடிக் கதவை மூடினாள். அழவில்லை. விதையிலிருந்து பிரித்த எண்ணெய் இருந்த குப்பியை மறுபடி எடை போட்டாள். மூன்றாவது விளைச்சலிலும் ஜீன் மாற்றிய விதையில் சாதாரண விதையைவிட எண்ணெய் ஒரு துளி கூடவில்லை.

என் கட்டுரையின் முடிவைத் திரும்பச் செய்து பார்க்க இரண்டு வருஷத்துக்கு முன் எங்கள் ஆய்வகத்தில் சேர்ந்தவள் அவள். ஒரு ஜீனைக் கொஞ்சம் முடுக்கிவிட்டால் விதையில் எண்ணெய் கால் பங்கு கூடும் என்று நான் எழுதி ஆறு வருஷமாகிறது. எனக்கு வேலை நிரந்தரமானதும் ஆய்வகத் தலைவரான சாருக்குப் பெரிய பெயர் வந்ததும் அதனால்தான். அவளுக்கு மட்டும் ஏன் கூடவில்லை என்று சார் கேட்காத நாள் இல்லை. "சிலருக்குக் கை வராதும்மா" என்று எல்லோர் முன்னும் சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

அவள் கையில் ஒரு குறையும் இல்லை. நான் அந்தச் சோதனையைச் செய்த வருஷம் ஜீன் மாற்றிய செடிகள் முந்திப் பூத்தன. ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த சாதாரணச் செடிகள் எட்டு நாள் தள்ளிப் பூத்தன. பூத்த நாற்பதாம் நாள் காய் பறிக்க வேண்டும். முந்திப் பூத்தவற்றுக்கு நாற்பது முடிந்த அன்று என் மகளை நிமோனியாவோடு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். எப்போது திரும்புவேன் என்று தெரியாது. வேறு யாரையும் செடியைத் தொடவிடாதவள் நான், அப்படி ஒரு திமிர். இரண்டையும் ஒரே மாலையில் பறித்தேன். நோட்டில் இரண்டுக்கும் நாற்பது என்று எழுதிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன். விதையில் எண்ணெய் சேர்வதே அந்தக் கடைசி நாட்களில்தான். தெரியாமல் செய்தேன் என்று சொல்லவும் வழியில்லை, நான் முனைவர் பட்டம் வாங்கியதே அதில். மகள் தேறி நான் வேலைக்குத் திரும்பியபோது முடிவு வந்திருந்தது. சார் கேக் வெட்டிக்கொண்டிருந்தார். அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று ஒரு துண்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

"நீங்க பறிக்கிறத ஒரு தடவ பாக்கணும்க்கா. என் கைல என்ன தப்புன்னு தெரிஞ்சிட்டா நிம்மதியாப் போயிடுவேன்" என்றாள்.

செடி வளர்க்கும் அறைக்கு அழைத்துப் போனேன். ஜீன் மாற்றிய செடியில் நாற்பது நாள் காய் ஒன்றைப் பறித்தேன். அடுத்துச் சாதாரணச் செடியில் கை வைத்தேன்.

அவள் தொட்டியில் செருகியிருந்த, பூத்த தேதியைப் பார்த்தாள். "அதுக்கு முப்பத்திரண்டு நாள்தானே ஆகுது?"

"அன்னைக்கும் முப்பத்திரண்டுதான். நாற்பதுன்னு எழுதிட்டேன்."

இரண்டு காய்களிலிருந்தும் ஒவ்வொரு விதை எடுத்து வெள்ளைத் தாளில் வைத்து நகத்தால் நசுக்கினேன். இரண்டும் ஈரமாய்த்தான் படிந்தன. மின்விசிறிக் காற்றில் முப்பத்திரண்டு நாள் விதையின் கறை மெல்ல உலர்ந்து சுருங்கிச் சிறியதாகிப் போனது. மற்றது அப்படியே நின்றது. அவள் குனிந்து இரண்டு கறைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது எனக்கு.

"ரெண்டு வருஷம்க்கா" என்றாள் கடைசியில்.

நான் மின்விசிறியை நிறுத்தினேன்.

"சார் ரூம்லதான் இருக்கார்." தாளை எடுத்து என்னிடம் நீட்டினாள். உலராத எண்ணெய்க் கறை வழியே அவளுடைய கட்டைவிரல் மங்கலாகத் தெரிந்தது.