பிஜிலி கேட்ட விசில்

...பார்க்கக் கூடாது, கண்ணை நேராகப் பார்த்தால் அது மிரளும், தோளைத் திருப்பிக்கொண்டு சும்மா நில் என்றுதான் ஷாரிக் சொன்னான், கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிறவன், அவனுக்குத் தெரியாதா, ஆனால் சும்மா நிற்பது எவ்வளவு கஷ்டம், வரலட்சுமியை இதுவரை யாரும் சும்மா நிற்கச் சொன்னதே இல்லை. கொட்டகைக்கு வெளியே எண்ணூர் சாலை முழுக்க கண்டெய்னர் லாரிகள், கடல்காற்றில் டீசல் வாடை, மூலையில் பிஜிலி, வெள்ளைப் பெண்குதிரை, சுவரைப் பார்த்தபடி... மாசியில் அவள் புருஷன் சுப்புராயன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்த பிறகு அது யாரையும் கிட்டே விடவில்லை, தீனி வைக்கப் போன கொழுந்தன் தோளைக் கடித்துவிட்டது. வளத்தவர் போன துக்கம் என்று தெருவே சொன்னது, அவளும் நம்பினாள், ஒரே ஆளை இழந்த இரண்டு பேர் நாம் என்று அதனிடம் எத்தனை சாயங்காலம் பேசியிருப்பாள். "கயிறு போட வுடலைன்னா வித்துட வேண்டியதுதான்க்கா," என்றான் ஷாரிக். "ஆனா நீ அதாண்ட போவாத. அது வரட்டும். அடிக்க வரலைன்னு அதுக்குப் புரியணும்." அடிக்கவா, இதை யார் அடித்தார்கள் என்று அப்போது அவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை.

இன்று அது திரும்பியது. முதலில் ஒரு காது, பிறகு கழுத்து, பிறகு தயங்கித் தயங்கிக் கால்கள்... தலையைத் தாழ்த்தி வெறும் வாயை மென்றது, அது நல்ல அடையாளமாம், அதன் மூச்சு அவள் முழங்கையில் சூடாகப் பட்டது. அந்தச் சந்தோஷத்தில்தான் செய்தாள், தெருமுனை திரும்பும்போது சுப்புராயன் அடிக்கிற விசில், மேலே ஏறிச் சட்டென்று இறங்குமே அது, கேட்டால் பாவம் இதற்கும் ஆறுதலாக இருக்கும், எனக்கும்தான்... உதட்டைக் குவித்து அடித்தாள். குதிரை ஓடவில்லை. நின்ற இடத்திலேயே தோலெல்லாம் நடுங்க, கண்ணின் வெள்ளை தெரிய, காலோடு மூத்திரம் போக, அசையாமல் நின்றது. "ஒரு விசிலு போதும், அப்டியே நிக்கும், அந்த மாதிரி பழக்கி வெச்சிகீறேன்" என்று பெருமையாகச் சொல்வாரே, எதை வைத்துப் பழக்கினார்? மூலையில் சாத்தியிருக்கிற ரப்பர் குழாய், தண்ணீர் பிடிக்க என்றல்லவா நினைத்தாள், இந்தக் கொட்டகைக்குத் தண்ணீர் இணைப்பே கிடையாதே. அவள்மேல் ஒரு நாளும் கை வைக்காத மனிதர், மீனில் முள் எடுத்து அவள் தட்டில் வைக்கிற மனிதர்...

அந்த விசிலுக்கு வீட்டில் இன்னொருத்தியும் எழுந்து நிற்பாள். மகள் கீர்த்தி, டிவியை அணைத்துவிட்டு, துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, சுவரோரமாக. அப்பான்னா அவ்ளோ மரியாதை என்று பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரித்திருக்கிறாள் வரலட்சுமி. விடிவதற்கு முன்பே அவள் காசிமேட்டுக்கு மீன் எடுக்கக் கிளம்பிவிடுவாள், வீட்டில் அப்பாவும் மகளும்தான். கோயம்புத்தூரில் வேலை கிடைத்த பிறகு கீர்த்தி பொங்கலுக்குக்கூட வரவில்லை, சாவுக்கு வந்தவள் கண்ணில் ஒரு சொட்டு இல்லை, கல்நெஞ்சு என்று எல்லாரும் பேசினார்களே, நானும்தானே பேசினேன்...

போனைப் போட்டாள்.

"இன்னாம்மா?"

"பிஜிலியாண்ட கீறேன். அப்பா விசில அடிச்சேன் கீர்த்தி. நடுங்குது அது."

வைத்துவிட்டாளா, இல்லை, மூச்சு கேட்கிறது. உன்னையுமா, என்ற கேள்வி தொண்டை வரைக்கும் வந்தது, கேட்டால் வைத்துவிடுவாள், கேட்காவிட்டால்... குதிரையின் நடுக்கம் இன்னும் நிற்கவில்லை. வரலட்சுமி எதுவும் கேட்கவில்லை.

"மா," என்றாள் கீர்த்தி.

வரலட்சுமி போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள்.