ஷூ லேஸ்

பட்டாளத்தில் இருந்தபோது என் வீட்டுக்காரருக்கு விமானத்திலிருந்து குதிப்பதுதான் வேலை. மூட்டையும் துப்பாக்கியும் கட்டிக்கொண்டு வருஷக்கணக்கில் குதித்துக் குதித்து, முதுகெலும்பின் தட்டுகள் தேய்ந்துபோயின. இப்போதெல்லாம் கீழே விழுந்த கைக்குட்டையைக் குனிந்து எடுக்க அவரால் முடியாது. காலையில் ஷூவை மாட்டி லேஸ் கட்டிவிடுவது நான்தான். அதையும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டுதான் கட்ட வேண்டும். கல்லூரியில் படிக்கும் மகள் பார்த்துவிட்டால் மானம் கப்பலேறிவிடுமாம்.

இந்த முதுகை வைத்துக்கொண்டு ஒரு துணிக்கடை வாசலில் காவலாளியாக நாள் முழுக்க நிற்கிறார். உட்கார நாற்காலி கிடையாது. இப்படியே நின்றால் சீக்கிரம் நடக்கவே முடியாமல் போகும் என்று எலும்பு டாக்டர் சொல்லிவிட்டார். பட்டாள வேலையால் வந்த ஊனத்துக்குத் தனி ஓய்வூதியம் உண்டு. அது கிடைத்தால் அந்த வாசலிலிருந்து அவரை வீட்டுக்குக் கூட்டி வந்துவிடலாம். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

முதல் முறை மருத்துவக் குழுவின் முன் தனியாகப் போனார். போனவர் என்ன செய்தார் தெரியுமா? பட்டாளத்து டாக்டர் பார்க்கப் போகிறார் என்றதும் அணிவகுப்புக்குப் போவதுபோல் தயாரானார். வழவழவென்று சவரம், கத்தி மாதிரி மடிப்பு வைத்த சட்டை, போதாததற்கு வலி தெரியாமலிருக்க இரட்டை மாத்திரை. டாக்டர் உள்ளே வந்ததும் அட்டென்ஷனில் நின்றிருக்கிறார். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "நல்லா இருக்கேன் சார்" என்று வேறு சொல்லியிருக்கிறார். ஊனத்துக்குச் சான்றிதழ் வாங்கப் போன இடத்தில் வேறு யாராவது இப்படிச் சொல்வார்களா? எக்ஸ்ரே படத்தில் தேய்மானம் தெரிகிறது, அது பணியால் வந்ததும் உண்மைதான், ஆனால் நடமாட்டத்தில் குறையில்லை என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தவர் மூன்று நாள் படுக்கையைவிட்டு எழவில்லை. அதைப் பார்க்க ஒரு டாக்டரும் வரவில்லை.

மேல்முறையீடு ஒன்றுதான் மிச்சம். அதிலும் கைவிரித்தால் கதை முடிந்தது. இந்த முறை நானும் வருவேன் என்றேன். அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"என்னை நொண்டி மாதிரி நடிக்கச் சொல்றியா?"

"நடிக்க வேணாங்க. போன தடவை நடிச்சீங்களே, அதை நிறுத்துங்க. போதும்."

சோதனைக்குப் போகும் அன்று வழக்கமான ஒரு மாத்திரைக்கு மேல் நான் கொடுக்கவில்லை. செருப்புப் போடச் சொன்னேன். அதிகாரி முன்னால் செருப்பா என்று முறைத்தார். சரி, ஷூ ஒன்றாவது இருக்கட்டும் என்று மண்டியிட்டு, லேஸை இரட்டை முடிச்சாகப் போட்டுவிட்டேன்.

சோதனை அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, எடை பார்க்கும் எந்திரம், இரண்டு நாற்காலிகள். டாக்டர் அம்மா சீருடையில் வந்தார். தோளில் நட்சத்திரங்கள் மின்னின. எங்கள் மகளைவிட ஏழெட்டு வயதுதான் கூட இருக்கும். இவர் சடாரென்று எழுந்து விறைத்து நின்றார். பல்லைக் கடிப்பது தாடையில் தெரிந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

டாக்டர் உட்காரச் சொல்லிவிட்டு, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார். "நல்லா..." என்று இவர் ஆரம்பித்தார். நான் திரும்பி ஒரு பார்வை பார்த்தேன். மிச்சத்தை விழுங்கிவிட்டார்.

"ஷூவைக் கழட்டிட்டுக் கட்டில்ல படுங்க."

இவர் என்னைப் பார்த்தார். பழக்க தோஷம், நானும் பாதி எழுந்துவிட்டேன். அப்புறம் சுதாரித்துக்கொண்டு உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டேன்.

இவர் குனிந்தார். கை முழங்கால்வரை போனது, கொஞ்சம் கீழே இறங்கியது, அங்கேயே நின்றது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கிப் பார்த்தார். அதுவும் வரவில்லை. நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. ஓடிப்போய் அந்தக் காலைப் பிடித்துக்கொள்ளலாமா என்றிருந்தது எனக்கு.

கொஞ்சம் உதவி செய்யக் கூடாதா என்று டாக்டர் என்னிடம் கேட்டார். குரலில் லேசான கண்டிப்பு.

"தினமும் நான்தான் மேடம் செய்றேன். இன்னிக்கு மட்டும் செய்ய மாட்டேன்."

நாற்காலியை விட்டு நான் அசையவில்லை. இவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முடியல மேடம்" என்றார். "ரொம்ப நாளாவே முடியல."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. டாக்டர் பேனாவை மேசையில் வைத்தார். இவர் காலடியில் வந்து உட்கார்ந்து, தானே லேஸை அவிழ்க்கத் தொடங்கினார். ஐயோ வேண்டாம் மேடம் என்று இவர் பதறியதை அவர் காதில் வாங்கவில்லை. என் இரட்டை முடிச்சு அவரையும் கொஞ்சம் சோதித்தது.

அதற்குப் பிறகு இவர் விறைக்கவில்லை. அழுத்திய இடத்திலெல்லாம் வலித்தால் வலிக்கிறது என்றார். எல்லாம் முடிந்து, நிற்கிற வேலை இனி கூடாது, குறை எவ்வளவு என்று தெளிவாக எழுதியிருக்கிறேன் என்றார் டாக்டர். உத்தரவு வர மாதக்கணக்கில் இழுப்பார்கள். இழுக்கட்டும். நானும் விடுவதாக இல்லை.

வீடு திரும்பியபோது மகள் கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். இவர் அறைக்குள் போகாமல் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்தார். உள்ளே வாங்க என்று ஜாடை காட்டினேன்.

"இங்கேயே கழட்டும்மா" என்று காலை நீட்டினார்.

நான் குனிவதற்குள் மகள் புத்தகத்தை வைத்துவிட்டு வந்து, இன்னொரு காலின் லேஸைப் பிடித்தாள்.