சிவப்பு முளைக்குச்சிகள்

எழுபத்தேழாம் வருடம் ஆவணிக் கடைசியில் நாங்கள் பதினெட்டுப் பேர், பி.எஸ்ஸி. புவியியல் மூன்றாம் ஆண்டு, பசுவந்தனைப் பக்கத்தில் ஒரு ஓடையை அளக்கப் போனோம். ஓடையில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அதனால் என்ன, ஆறு என்று தலைப்புக் கொடுத்துவிட்டார்கள், அளந்துதானே ஆகவேண்டும். எங்கள் பேராசிரியர் செண்பகராஜ் ஏதோ ஒரு வெளிநாட்டுப் புத்தகத்திலிருந்து இருபத்திரண்டு கேள்விகளைத் தமிழில் எழுதி, சைக்ளோஸ்டைல் எடுத்து, ஆளுக்குப் பன்னிரண்டு படிவம் கொடுத்திருந்தார். மேலே ‘ஆறும் மனிதச் சூழலும்’ என்று போட்டிருந்தது. அந்தப் புத்தகத்து ஆற்றில் கப்பல் போகுமாம். எங்கள் ஓடையில் வெள்ளாடுகள் போய்க்கொண்டிருந்தன.

நான் கோவில்பட்டிக்காரி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேற்றூர்க்காரி ஒருத்தி இந்தத் தப்பைச் செய்திருந்தால் பாவம், தெரியாமல் செய்தாள் என்று விட்டுவிடலாம். நான் கரிசல் மண்ணில் விழுந்து எழுந்து வளர்ந்தவள். புரட்டாசி, ஐப்பசி மழையைத் தவறவிட்டால் இந்தப் பூமியில் அந்த வருடம் வெள்ளாமை இல்லை என்பது எனக்குத் தெரியும்.

ஓடையை ஒட்டி சோலைச்சாமி என்பவருக்கு நாலு ஏக்கர் இருந்தது. நாற்பது வயதுக்காரர், ஒடிசலான ஆள். அவர் நிலத்தின் நாலு மூலையில் நாலும், ஓடைக்கரையில் ஒன்றுமாகச் சிவப்புச் சாயம் அடித்த ஐந்து முளைக்குச்சிகளை எங்கள் பையன்கள் அடித்தார்கள். மழைக்குப் பிறகு தை மாதம் வந்து, ஓடை எவ்வளவு கரையைத் தின்றிருக்கிறது, நிலத்தில் எவ்வளவு மண் அரித்திருக்கிறது என்று அந்தக் குச்சிகளை வைத்து அளப்பதாகத் திட்டம். அவருடையதையும் சேர்த்து ஓடையை ஒட்டி நாலு பேர் நிலங்களில் இப்படி அடித்தோம். நிலத்துக்காரரிடம் பேசுவதும் படிவம் நிரப்புவதும் எங்கள் குழுவில் என் வேலை.

வேலிமர நிழலில் உட்கார்ந்து கேள்விகளைக் கேட்டேன். சோலைச்சாமியின் மகள் மாரித்தாய் என் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். ஏழாம் வகுப்பு. நான் கேட்பதற்கு முன்னால் அடுத்த கேள்வியை அவளே தாளைப் பார்த்து உரக்க வாசித்தாள். தங்குதடை இல்லாத வாசிப்பு. வீட்டில் எழுத்துத் தெரிந்தது அவள் ஒருத்திக்குத்தான். அவள் வாசிக்கும்போது சோலைச்சாமியின் கவனம் கேள்வியில் இல்லை, மகளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்?” என்று வாசித்தாள் மாரித்தாய்.

“படிக்குதுன்னு எழுதுங்க டீச்சரம்மா” என்றார். “தீப்பெட்டி ஆபீஸ் பஸ் விடியமுன்ன ஊருக்குள்ள வந்து ஹாரன் அடிக்கான். ஊர்ல பாதிப் பிள்ளைய வேலைக்கு ஏறிப் போகுது. நான் ஏத்தல. இந்த வெள்ளாம வீடு வந்து சேந்தா எட்டாப்பு, ஒம்பதாப்புன்னு இவ போய்க்கிட்டே இருப்பா.”

நான் டீச்சர் இல்லை, மாணவி என்று ஒரு தடவை சொன்னேன். இரண்டாம் தடவை அவர் டீச்சரம்மா என்றபோது திருத்தவில்லை. கேட்க நன்றாக இருந்தது.

பதினாறாவது கேள்வி: ‘இதற்கு முன் நிலத்தை இழந்தது உண்டா?’

“எங்க அய்யா காலத்துல மூணு ஏக்கர் கம்மாய் வெட்டப் போச்சு. மொதல்ல சர்க்கார் ஆளுக வந்து சங்கிலி பிடிச்சு அளந்தாங்க. பொறவு செவப்புக் குச்சி அடிச்சாங்க. பொறவு கைநாட்டு வாங்கிட்டுப் போனாங்க. அவ்வளவுதான்.”

‘ஆம் / இல்லை’ என்று அச்சடித்திருந்தது. ஆம் என்பதைச் சுழித்தேன். அதற்கு மேல் எழுத அங்கே இடம் இல்லை.

பதினேழாவது கேள்வி: ‘இந்நிலம் நீரில் மூழ்கினால் எங்கே குடிபெயர்வீர்கள்?’ அதை மாரித்தாய் வாசித்ததும் சோலைச்சாமி எழுந்து நின்றார். சமைந்த பெண்ணைப் போல வளர்ந்திருந்த அந்தச் சிறுமியைப் பார்த்தார், நிலத்தைப் பார்த்தார். “எங்கன போவ? இங்கனதான் கெடப்போம்” என்றார். அதை அப்படியே எழுதினேன். நல்ல பதில் என்று உள்ளுக்குள் பாராட்டவும் செய்தேன்.

கடைசியில் கைநாட்டு. மாணவர்கள் மரத்தடியில் உட்கார்ந்து கற்பனையில் படிவம் நிரப்புகிறார்கள் என்று பேராசிரியருக்குச் சந்தேகம். அதற்காகக் கீழே கையெழுத்தோ ரேகையோ கட்டாயம் என்று வைத்திருந்தார்.

“இது எதுக்கு டீச்சரம்மா?”

“சர்வேக்கு அண்ணாச்சி. மேல குடுக்கணும்.”

வெயில் மண்டையைப் பிளந்தது. இன்னும் ஏழு படிவம் பாக்கி, நாலு மணிக்குப் பஸ். அவர் பெருவிரலில் மையைத் தடவிக்கொண்டே கேட்டார்: “குச்சிய என்ன செய்யணும்?”

குச்சியைப் பிடுங்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்பது மட்டுமே பேராசிரியர் எங்களுக்குச் சொன்னது. நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு அதிகாரி தோரணை வந்துவிட்டது எனக்கு. “தை மாசம் நாங்க வர்ற வரைக்கும் அசையக் கூடாது. அதுக்குள்ள எதையும் தொடாதீங்க” என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். மாரித்தாய் என் பேனாவை வாங்கி, ரேகைக்குக் கீழே அப்பாவின் பெயரை அழகாக எழுதினாள்.

அந்த வருடம் மழை கொட்டித் தீர்த்தது. நான் விடுதி ஜன்னலில் நின்று அதை ரசித்தேன். ஓடை ஓடும், எங்களுக்கு நல்ல அளவு கிடைக்கும் என்று தோழிகளிடம் சொன்னேன். சோலைச்சாமியை ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

பொங்கல் கழிந்து போனோம். பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஊரே அடையாளம் தெரியவில்லை. சோளம் ஆள் உயரத்துக்கு நின்றது. பருத்தி மஞ்சள் பூவும் பிஞ்சுமாக இருந்தது. முதல் மூன்று நிலங்களிலும் எங்கள் குச்சிகள் இல்லை. உழவில் போயிருந்தன. சிவனாண்டி என்கிற ஆட்டுக்காரர் இரண்டை எடுத்துக் கிடாக்களைக் கட்டியிருந்தார். “நல்லா வைரம் பாஞ்ச குச்சிம்மா. இன்னும் நாலு கொண்டாந்திருக்கக் கூடாதா?” என்று எங்களைக் கேட்டார். பையன்கள் சிரித்தார்கள். பேராசிரியர் முகம் சுண்டிப்போனது.

சோலைச்சாமியின் நிலத்துக்கு வந்தோம். சுற்றிலும் பச்சை. நடுவில் அந்த நாலு ஏக்கர் மட்டும் கோரையும் முள்ளும் மண்டி, வெடிப்பு விட ஆரம்பித்துக் கிடந்தது. மூலைக்கு ஒன்றாக எங்கள் சிவப்புக் குச்சிகள், வைத்தது வைத்தபடி.

“அடடே, அஞ்சும் அப்படியே இருக்கு!” என்று பேராசிரியர் கையைத் தட்டினார். “உழாத நிலம். இதைவிடச் சரியான அளவு எங்கே கிடைக்கும்? சங்கிலியைப் பிடிங்கப்பா.”

நான் சொன்ன சொல் அங்கே நாலு ஏக்கருக்கு விரிந்து கிடந்தது.

அளக்கிற சத்தம் கேட்டு சோலைச்சாமியும் அவர் மனைவி பெத்தம்மாளும் வந்தார்கள். சோலைச்சாமி என்னைப் பார்த்துக் கும்பிட்டார். “நீங்க சொன்னபடி ஒண்ணையும் தொடல டீச்சரம்மா. எப்ப எடுக்கப் போறீய? வீட்டையும் எடுப்பீயளா, நெலத்தை மட்டுமா? அதைத் தெரிஞ்சுக்கிட்டா போதும்.”

நான் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. நாங்கள் சர்க்கார் இல்லை, படிக்கிற பிள்ளைகள், இது பரீட்சைக்கு, கைநாட்டு எங்கள் வாத்தியாருக்குக் காட்ட, நிலம் உங்களுடையது, யாரும் எடுக்கவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னேன்.

அவர் நிலத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “அப்போ உழுதிருக்கலாமோ?”

பெத்தம்மாள்தான் வெடித்தாள். “ஊர் பூரா வெதைச்சாவ. மழை பெஞ்ச மறுநா இவிய கலப்பைய எடுத்துட்டு வந்து இந்த வரப்புல நின்னாவ. உழுங்க, வாரது வரட்டும்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். சொன்ன வாக்குல நிக்கணும், கைநாட்டு வச்சிருக்கேன்னு திரும்பி வந்துட்டாவ. வெதைக்கு வச்சிருந்த சோளத்தைக் குத்திக் கஞ்சி காச்சுனோம். நீ படிக்க எங்க வயிறுதானா கெடச்சுது?”

“அக்கா, நான்...”

“அக்காங்காத.”

சோலைச்சாமி அவளைக் கையமர்த்தினார். எனக்கு அவர் இரண்டு அறை கொடுத்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவரோ, “தாளு வாங்கிட்டுப் போனீயள்லா, தாளுலயே எழுதிக் குடுங்க” என்றார். “வாயால சொன்னா எனக்குப் பத்தாது. அடுத்த புரட்டாசிக்கு நான் ஏரைப் பூட்டணும்லா.”

பையைத் துழாவி அவருடைய படிவத்தையே எடுத்தேன். அதன் பின்பக்கத்தில் எழுதினேன்: ‘இந்த நாலு ஏக்கர் நிலம் சோலைச்சாமியுடையது. இதை யாரும் எடுக்கவில்லை. அவர் எப்போதும் உழலாம், விதைக்கலாம். உழக் கூடாது என்று நான் சொன்னது தவறு.’ கையெழுத்துப் போட்டு நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை. “ரேகை வைங்க” என்றார்.

பட்டப் படிப்புக்காரி நான். பேனா முள்ளை இடது பெருவிரலில் தேய்த்து மை பூசி, அந்தத் தாளில் அழுத்தினேன். அப்புறம்தான் அவர் வாங்கிக்கொண்டார். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு பக்கத்தில் அவர் ரேகை, அதன் கீழே மகள் எழுதிய பெயர். மறுபக்கம் என் ரேகை.

“வாசிச்சுக் காட்டட்டுமா அண்ணாச்சி?”

“வேண்டாம். அன்னைக்கும் நீங்க சொன்னதைத்தான் கேட்டேன்.” தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். “மாரித்தாய் வந்து வாசிக்கட்டும்.”

அப்போதுதான் அவளைக் காணவில்லை என்பதே எனக்கு உறைத்தது. “அவ பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்காளா?” என்று கேட்டேன். கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது. ஆனாலும் கேட்டுவிட்டேன்.

“ஆபீஸ் பஸ்ஸு இருட்டுன பொறவுதான் கொண்டாந்து எறக்குவான்” என்றாள் பெத்தம்மாள். “கார்த்திகையில இருந்து போகுது. கையெல்லாம் தீக்குச்சி மருந்து. தாளைப் பிடிச்சா ஒட்டிக்கிடும். கழுவிட்டுத்தான் வாசிக்கணும்.”

பேராசிரியர் தூரத்திலிருந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அளவுகளை எழுத ஆள் வேண்டுமாம். நான் போகவில்லை. மூலைக்கு மூலை நடந்து ஐந்து குச்சிகளையும் பிடுங்கினேன். கரிசல் இறுகிப்போயிருந்தது, ஒவ்வொன்றையும் இரண்டு கையாலும் ஆட்டி ஆட்டித்தான் எடுக்க முடிந்தது. பேராசிரியர் கத்தினார். சோலைச்சாமி வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிடுங்கிய இடத்தில் இருந்த குழிகளைக் காலால் மூடினேன்.

நாலு மணி பஸ்ஸில் எல்லோரும் ஏறினார்கள். நான் ஏறவில்லை. ஆபீஸ் பஸ் வருகிற வரைக்கும் அந்த நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தேன், அவள் வாசிப்பதைக் கேட்க அல்ல, அவள் இறங்கும்போது அவள் முகத்துக்கு நேரே நான் நிற்க வேண்டும் என்பதற்காக.